கடன் கொப்பியும் மழை இரவும்: மலையகத்தில் மன அழுத்தத்தைக் குறைக்கச் சில எளிய வழிகள்

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் நுவரெலியாவில் நடக்க இடம் இருக்காது. கொழும்பிலிருந்தும் கரையோர ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து இறங்குவார்கள். கிரகரி வாவியில் படகு, குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று ஊரே களைகட்டும். ஏன் இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: மனதுக்குக் கொஞ்சம் ஆறுதல் வேண்டும். சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் இந்தக் குளிரும் பச்சையும் அந்த ஆறுதலைக் கொடுக்கத்தான் செய்கின்றன.

அதே பச்சைச் சரிவில் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக் கடியோடு, இன்றைக்குரிய கொழுந்து நிறை சேருமா, சேராவிட்டால் அரைப்பேர்தானா என்று கணக்குப் போட்டபடி ஒரு பெண் நிற்கிறாள். அவள் ஆறுதலுக்கு எங்கே போவாள்? அவளுக்கு மாவும் பருப்பும் கடனுக்குக் கொடுத்துவிட்டு, மொத்த வியாபாரிக்கு எழுதிய காசோலை வங்கிக்குப் போகும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் ஹட்டன் கடைக்காரர் எங்கே போவார்?

மன அழுத்தம் பற்றிப் பத்திரிகைகளில் வரும் ஆலோசனைகளை நான் விடாமல் வாசிப்பவன். உல்லாசப் பயணம் போங்கள், தனியாக ஓர் அறையில் அமருங்கள், பிடித்த பொழுதுபோக்கில் ஈடுபடுங்கள் என்பார்கள். நல்ல ஆலோசனைதான். ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பிராவில் ஆறு பேர் படுத்தெழும் வீட்டில் தனியறைக்கு எங்கே போவது? பாடசாலையில் பல வருடங்கள் சுகாதாரப் பாடம் கற்பித்தவன் என்ற வகையிலும், ஹட்டன் பகுதியில் சில்லறைக் கடை நடத்திய வாப்பாவின் பிள்ளை என்ற வகையிலும், நமது மலையகத்தில் இருப்பவர்களுக்குப் பொருந்தக்கூடிய, காசு செலவில்லாத சில வழிகளை எழுதலாம் என்று நினைத்தேன்.

முதலில், அழுத்தம் என்பது வெறும் மனப்பிரமை அல்ல என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். 1936 இல் ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர், எந்த வகையான துன்பமாக இருந்தாலும் உடல் ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் எதிர்வினை காட்டுகிறது என்று எழுதினார். சிறுத்தையைக் கண்டாலும் சரி, கடன்காரரைக் கண்டாலும் சரி, அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. சற்று நேரத்தில் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனும் சேர்ந்துகொள்கிறது. சிறுத்தை போய்விட்டால் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கடன் அப்படிப் போவதில்லையே. இரவு பத்து மணிக்கும் அது தலைமாட்டில் நிற்கும். இப்படி நாட்கணக்கில், மாதக்கணக்கில் உடல் விறைப்பாகவே இருக்கும்போதுதான் தலைவலி, வயிற்று எரிவு, தூக்கமின்மை, காரணமில்லாமல் பிள்ளைகள் மீது எரிந்து விழுவது எல்லாம் வருகின்றன. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அது கூடுகிறது.

இங்கே அழுத்தத்தின் பெரிய வேர் கடன்தான். தோட்டத்தில் சம்பளம் மாதத்தின் 10 ஆம் திகதியளவில் வரும். குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும், 2024 இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது உண்மை. ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியில் அரிசி, மா, பால்மா விலைகள் ஏறிய வேகத்தோடு அதை ஒப்பிட்டால், உயர்ந்த சம்பளம் எங்கே போனது என்று யாருக்கும் சொல்லத் தெரியும். ஆகவே மாதம் முழுவதும் கடைக் கொப்பியில் எழுதி வாங்கி, பத்தாம் திகதி கொடுத்துவிட்டு, பதினோராம் திகதி மறுபடி எழுதத் தொடங்குவதே வழக்கம். இதற்கு மேல் அடகு, சீட்டு, வாசலுக்கே வந்து வாரத் தவணை கேட்கும் நுண்கடன். தவணைக்காரர் வரும் நாளில் வீட்டுப் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

நமது கடைகள் பலவும் இந்தக் கொப்பியில்தான் ஓடுகின்றன. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா எங்கும் தோட்ட மக்களுக்கும் முஸ்லிம் கடைக்காரர்களுக்கும் இடையில் தலைமுறை தலைமுறையாக உள்ள உறவு இது. "நானா, இந்த மாசம் மட்டும் பொறுத்துக்கங்க" என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். சொல்பவருக்கும் அன்று இரவு தூக்கம் இல்லை, கேட்பவருக்கும் இல்லை. கல்லாவின் இரு பக்கமும் ஒரே நோய்.

கவலையையும் துயரத்தையும் விட்டுப் பாதுகாப்புத் தேடி நபி (ஸல்) அவர்கள் கேட்ட துஆ ஒன்று புகாரியில் பதிவாகியிருக்கிறது. நம்மில் பலருக்கு மனப்பாடம். அதே துஆவில் கடன் சுமையும் இடம்பெறுகிறது என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. மனக் கவலையும் கடனும் ஒரே மூச்சில் கேட்கப்பட்டிருக்கின்றன. அல்குர்ஆனில் மிக நீளமான வசனம் எது என்று கேட்டால் மத்ரஸாப் பிள்ளைகள் உடனே சொல்வார்கள்: சூரா அல்பகராவின் 282 ஆவது வசனம். அது பேசுவது கடனை எழுதி வைப்பது பற்றி. அதற்குச் சற்று முன்னால், 280 ஆவது வசனம், கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுப்பது பற்றி.

எழுதுவதற்கும் மன நிம்மதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். முடியாத காரியம் ஒன்று தலைக்குள் கிடந்தால் அது திரும்பத் திரும்ப எழுந்து வந்து தொல்லை கொடுக்கும். அந்தக் காரியத்தை முடிக்கத்தான் வேண்டும் என்பதில்லை. எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாக ஒரு திட்டம் போட்டுவிட்டாலே அந்தத் தொல்லை குறைகிறது என்று 2011 இல் வெளியான அமெரிக்க உளவியல் ஆய்வொன்று காட்டியது. கடன் இருப்பதைவிட, கடன் எவ்வளவு என்று தெரியாமல் இருப்பதுதான் அதிகம் அரிக்கிறது. பலர் தமது மொத்தக் கடனைக் கூட்டிப் பார்க்கவே அஞ்சுகிறார்கள். கூட்டிப் பார்க்காத கடன் இரவில் இரட்டிப்பாகத் தெரியும்.

ஆகவே முதல் வழி இதுதான். பிள்ளையின் பழைய கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, யாருக்கு, எவ்வளவு, எந்தத் திகதிக்கு என்று மூன்று நிரல்களில் எல்லாவற்றையும் எழுதுங்கள். சீட்டுப் பணம், அடகு வட்டி, கடைக் கொப்பி, பக்கத்துக் காம்பிராவில் வாங்கிய 500 ரூபா வரை எதையும் விடவேண்டாம். கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதுங்கள். ஒருவர் அறியாமல் மற்றவர் வாங்கிய கடன்தான் நமது வீடுகளில் பல சண்டைகளுக்கு மூலகாரணம். பிறகு, இந்த மாதம் கொடுக்க முடியாத கடன் எது என்று பார்த்து, அந்த நபரிடம் தவணைத் திகதிக்கு முன்னரே நீங்களாகப் போய்ப் பேசுங்கள். திகதி கடந்த பிறகு சொல்லும் காரணம் சாக்காகவே படும். முன்கூட்டிச் சொன்னால் அதே வார்த்தைக்கு மரியாதை இருக்கும். ஒளிந்து நடப்பதற்காக மல்லியப்புச் சந்திப் பக்கம் போகாமல் சுற்றுப் பாதையில் போகிறவருக்கு, ஒவ்வொரு நாளும் இதயத்துடிப்பு ஏறி இறங்குகிறது. ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்துப் பேசினால் அந்தச் சுற்றுப் பாதை மிச்சம்.

கடைக்கார சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. வரிசையில் நான்கு பேர் நிற்கும்போது பழைய பாக்கியைச் சத்தமாகக் கேட்காதீர்கள். கொடுக்கவேண்டிய பணத்தைவிட அந்த அவமானம் ஒருவரை அதிகம் உடைத்துவிடும். சில கடைகளில் கடன் வாங்குபவரிடமும் ஒரு சிறு கொப்பி கொடுத்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள். கணக்குத் தகராறு பாதிக்கு மேல் இல்லாமல் போய்விடுகிறது. ஸகாத் நிதியைச் சேர்க்கும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் நினைவில் வைக்க வேண்டிய ஒன்று: ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினரில் கடனாளிகளும் அடங்குவர். வருடத்தில் ஒரு தடவை உணவுப் பொதி கொடுப்பதோடு, வட்டிக் கடனில் சிக்கிய ஒரு சில குடும்பங்களின் கடனை முழுமையாக அடைத்துவிட்டால், அந்த வீடுகளில் எத்தனை நோய் குறையும்!

அடுத்தது மழை. இதை வெளியூரார் மன அழுத்தப் பட்டியலில் சேர்க்கமாட்டார்கள். மலையகத்தில் இருப்பவருக்குத் தெரியும், இரவு பதினொரு மணிக்குத் தகரக் கூரையில் மழை கனக்கத் தொடங்கினால் வீட்டில் பெரியவர்கள் யாரும் கண்மூடுவதில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களே பெரும் அடி வாங்கின. அதற்குப் பிறகு சாதாரண மழைக்கே பிள்ளைகள் அழுகிறார்கள். "பயப்படாதே, அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்வது மட்டும் போதாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கவேண்டும் என்பதும் நமக்குச் சொல்லித் தரப்பட்டதுதானே.

மழையை அளக்கலாம். நேர்ப் பக்கங்கள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டிவிடுங்கள். அடிப்பகுதி வளைவாக இருந்தால், வளைவு முடியும் இடம் வரை சிறு கற்களைப் போட்டு, அந்த மட்டம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூச்சியம் என்று கோடு போடுங்கள். அங்கிருந்து பிள்ளையின் அடிமட்டத்தை வைத்து 75, 100, 150 மில்லிமீற்றர்களில் மூன்று கோடுகள். கூரைத் தண்ணீரும் மரத்துளியும் விழாத வெளியிடத்தில் நிமிர்த்தி நிறுத்தி, தினமும் காலையில் ஒரே நேரத்தில் பூச்சியக் கோடு வரை வெறுமையாக்கிவிடுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருங்கள். 100 ஐத் தாண்டினால் அடையாள அட்டை, மருந்து, பிள்ளைகளின் உடுப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி வெளியேறத் தயாராகுங்கள். 150 என்றால் யோசிக்கவே வேண்டாம், இடத்தை விட்டு எழும்பிவிடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குப் பயன்படுத்தும் அளவுகள் இவை. அவர்களது அறிவிப்பு வந்தால் போத்தலைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அதற்கே முதலிடம் கொடுக்க வேண்டும். நிலத்தில் புது வெடிப்பு, மரங்கள் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, ஊற்று நீர் திடீரென்று கலங்குவது போன்ற அறிகுறிகள் தெரிந்தால் அளவு எதுவாக இருந்தாலும் வெளியேறுங்கள். பல நாள் மழையில் ஊறிய நிலத்துக்குக் கொஞ்ச மழையே போதும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இது உயிர் காக்கும் விஷயம் என்பது ஒரு பக்கம். தூக்கத்துக்கும் இது மருந்து என்பது என் அனுபவம். எங்கே போவது, யார் பாட்டியைத் தூக்குவது, எந்தக் கோட்டில் கிளம்புவது என்பது பகலிலேயே முடிவாகிவிட்டால், இரவில் வீட்டார் முறை வைத்து ஒருவர் விழித்திருக்க மற்றவர்கள் தூங்கலாம். எல்லோரும் விழித்திருந்து யாருக்கும் பயனில்லை.

எழுத முடியாத, அளக்க முடியாத கவலைகளும் இருக்கின்றன. நெஞ்சு படபடக்கும் அந்த நேரத்துக்கு உடலைக் கொண்டே உடலை அடக்கும் வழி ஒன்று உண்டு. நான்கு எண்ணும் வரை மூக்கால் மூச்சை உள்ளே இழுங்கள். ஆறு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். ஐந்து நிமிடம். மூச்சை வெளியே விடும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே குறைகிறது. வெளிமூச்சு நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு உடலைத் தளர்த்துகிறது. கொழுந்து நிறுக்கும் வரிசையிலும், பஸ் தரிப்பிடத்திலும், கல்லாவிலும் செய்யலாம். யாருக்கும் தெரியவும் தெரியாது. இத்தாலிய ஆய்வாளர்கள் 2001 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிறிஸ்தவர்கள் ஜெபமாலை சொல்லும்போதும், யோகா மந்திரம் சொல்லும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு அளவுக்கு இறங்கி, இதயத்தின் இயக்கம் சீராகிறது என்று அவர்கள் கண்டார்கள். நீளமான ஆயத்தை அவசரமின்றி, தஜ்வீதோடு ஓதும்போது நமது மூச்சும் அப்படித்தான் நீள்கிறது. ஆனால் நாம் ஓதும் வேகத்தில் மூச்சு நீள்வது எங்கே, முட்டத்தான் செய்கிறது! தொழுகையை பிலால் (ரழி) அவர்களிடம் நபியவர்கள் ஆறுதலாகத்தான் கேட்டார்கள். பஸ்ஸைப் பிடிப்பது போல நான்கு ரக்அத்தை முடித்துவிட்டு, தொழுதும் நிம்மதி வரவில்லை என்று சொல்வதில் என்ன நியாயம்? கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும், அடங்காவிட்டால் படுக்கட்டும் என்ற வழிகாட்டலும் இதே வகையில் உடலிலிருந்து தொடங்குவதுதான்.

தேயிலை விளையும் ஊரில் இருந்துகொண்டு தேத்தண்ணியைப் பற்றிக் குறை சொல்வது கஷ்டம். பகலில் குடியுங்கள், நன்றாகவே குடியுங்கள். ஆனால் அதில் உள்ள கெஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே சுமார் ஐந்து மணித்தியாலம் ஆகும். இஷாவுக்குப் பிறகு சாயம் கடுப்பாக ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, தூக்கம் வரவில்லை என்று கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்தால் குற்றம் கவலையில் மட்டும் இல்லை. அஸருக்குப் பிறகு நிறுத்திப் பாருங்கள். வெற்றிலையும் அப்படித்தான். அலுப்புப் போக, பசி தெரியாமலிருக்க என்று புகையிலையோடு மென்றுகொண்டே இருக்கிறோம். பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. சாராயம், கசிப்பு பற்றி நம் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் நமது இளைஞர்கள் சிலரிடம் மாத்திரையும் ஐஸும் புகுந்திருப்பதைத் தெரியாதது போல நடிக்கவும் முடியாது.

பேசுவது பற்றியும் சொல்லவேண்டும். தோட்டங்களில் பெண்களுக்குப் பீலிக்கரை இருந்தது. தண்ணீர் எடுக்க, துணி துவைக்க என்று போய், மாமியார் கதை, கங்காணி கதை எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வருவார்கள். குடத்தோடு மனமும் கொஞ்சம் இலேசாகித் திரும்பும். தண்ணீர் வசதி வீட்டுக்கே வருவது நல்லதுதான், ஆனால் அந்த ஒரு மணி நேரம் பல இடங்களில் இல்லாமல் போய்விட்டது. நமது பட்டணத்து முஸ்லிம் பெண்களுக்கு அப்படி ஓர் இடம் முன்பும் இருக்கவில்லை. ஆண்களுக்குக் கடைத் திண்ணை இருக்கிறது, பள்ளி முற்றம் இருக்கிறது, தேத்தண்ணிக் கடை இருக்கிறது. மகன் கொழும்பில், கணவன் கட்டாரில், மூன்று பிள்ளைகளோடு வாடகை வீட்டின் மேல்மாடியில் இருக்கும் ஒரு தாய் யாரிடம் பேசுவாள்? கிழமையில் ஒரு நாள் அஸருக்குப் பிறகு ஒரு மணி நேரம், மத்ரஸா மண்டபத்தைப் பெண்கள் கூடிப் பேச மட்டும் திறந்துவிடுவதில் நிர்வாகத்துக்கு என்ன நஷ்டம்? பயான்கூட வேண்டாம். அவர்கள் பேசட்டும்.

இவை எல்லாம் அன்றாட அழுத்தத்துக்குத்தான். நாட்சம்பளப் பிரச்சினையை மூச்சுப் பயிற்சி தீர்க்காது, சரிவில் இருக்கும் லயனைப் போத்தல் தாங்கிப் பிடிக்காது. காணியும் வீடும் நியாயமான சம்பளமும் கேட்கும் மக்களிடம் பொறுமையாக இருங்கள், தியானம் செய்யுங்கள் என்று உபதேசிப்பதற்கு இந்தக் கட்டுரையை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அழுத்தம் எல்லை மீறும்போதும் இந்த வழிகள் போதாது. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, எதிலும் விருப்பமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால் அது வைத்தியரிடம் போகவேண்டிய நிலை. ஜின், செய்வினை என்று மாதக்கணக்கில் அலைய வேண்டாம். ஓதிப் பார்ப்பவர் ஓதட்டும், அதே கிழமையில் வைத்தியரையும் பாருங்கள். அரச வைத்தியசாலைகளில் மனநலச் சிகிச்சை இலவசம். அப்படிப்பட்டவர் இருக்கும் வீட்டில் களைநாசினி, பூச்சிகொல்லிகளை வைத்திருக்காதீர்கள். கடும் நச்சு மருந்துகள் 1995 முதல் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்ட பிறகு இந்த நாட்டில் தற்கொலை மரண வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த எண்ணம் பலருக்குச் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அந்நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இருக்கக்கூடாது, பக்கத்தில் ஒரு மனிதர் இருக்கவேண்டும். பக்கத்தில் யாரும் இல்லையென்றால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவு எந்த நேரத்திலும் அழைக்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை, தமிழிலேயே பேசலாம்.